ஆவணங்களை வகைப்படுத்தும் வல்லுநர் அமைப்பு

ஓர் அலுவலகத்திற்கு நாள்தோறும் கடிதங்கள், பற்றுச்சீட்டுகள், ஒப்பந்தங்கள், விண்ணப்பங்கள் எனப் பலவகை ஆவணங்கள் வருகின்றன. எது எந்தக் கோப்பிற்குரியது, எதை எத்தனை ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்பது அனுபவமிக்க எழுத்தருக்கு நன்கு தெரியும். ஆனால், அவர் பணி ஓய்வு பெற்றதும் அந்த அறிவும் அவருடன் போய்விடுகிறது.

இக்குறையைப் போக்க உதவும் கணினி நிரலே வல்லுநர் அமைப்பு. இதில் இரண்டு முக்கியப் பகுதிகள் உள்ளன. வல்லுநரிடம் கேட்டறிந்த விதிகளைச் சேமித்து வைப்பது அறிவுத்தளம். அவ்விதிகளைப் புதிய ஆவணத்தோடு பொருத்திப் பார்த்து முடிவு கூறுவது அனுமானப் பொறி.

சான்றாக, ‘பற்றுச்சீட்டு எண் காணப்பட்டால், கணக்குக் கோப்பில் சேர்’ என்பது ஒரு விதி. மலேசியாவில் வணிக நிறுவனங்கள் வருமான வரி தொடர்பான ஆவணங்களை 7 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். இதையும் விதியாகச் சேர்த்தால், ஆவணங்கள் முன்கூட்டியே அழிக்கப்படுவதைத் தடுக்கலாம். ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்திற்காக உருவாக்கப்பட்ட ‘கன்ஸ்ட்ரூ’ என்னும் அமைப்பு, இத்தகைய விதிகளைக் கொண்டே செய்திகளை 674 வகைகளாகப் பிரித்தது.

எனினும், விதிகளுக்கு அப்பால் அமைப்பால் சிந்திக்க இயலாது. வாடிக்கையாளர் ஒருவர் தம் புகார்க் கடிதத்தில் பற்றுச்சீட்டு எண்ணைக் குறிப்பிட்டால், அக்கடிதம் கணக்குக் கோப்பிற்குள் சென்று மறைந்துவிடக்கூடும். அவரோ பதிலுக்காகக் காத்திருப்பார். ஆகவே, ஐயத்திற்குரிய ஆவணங்களை மனிதரே சரிபார்க்க வேண்டும். கண்டறிந்த பிழைகளுக்கேற்ப விதிகளையும் திருத்த வேண்டும். அமைப்பு வேலையை விரைவுபடுத்தும், பொறுப்பு நம்முடையதே.