அலாரத்துக்கு முன்பே வரும் விழிப்பு

கூலாயிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் விடியற்காலை நாலு மணிக்கே எழுந்துவிடுவார்கள். அலாரம் அடித்து எழுவது வேறு. இரண்டு மணிக்கே விழிப்பு வந்து, மறுபடி கண் மூடாமல், இன்றைக்கு ஏன் எழுந்திருக்க வேண்டும் என்று புரண்டு கிடப்பது வேறு. இந்த அகால விழிப்பு மனச்சோர்வின் முக்கியமான அடையாளம்.

நம்மவர்கள் கிளினிக்கில் "மனசு சரியில்லை" என்று சொல்வது அபூர்வம். "உடம்பெல்லாம் வலி, தலை பாரம், சோறு இறங்கமாட்டேங்குது" என்பார்கள். பனடோலும் எம்.சி.யும் வாங்கிக்கொண்டு திரும்புவார்கள். அந்த வலி பொய்யே அல்ல. மூளைத்தண்டிலிருந்து முதுகுத்தண்டுக்கு இறங்கும் சில நரம்புகள், உடம்பிலிருந்து மேலேறி வரும் வலிச் செய்தியைத் தணிக்கின்றன. அவற்றுக்கு வேண்டிய செரோட்டோனினும் நாரட்ரினலினும் மனநிலையிலும் பங்கு கொள்பவை. மனச்சோர்வில் இந்தத் தணிப்பு தளர்கிறது என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கங்களில் ஒன்று. செம்பனைக் குலை வெட்டுகிறவருக்குப் பழகிப்போன முதுகுவலி திடீரென்று தாங்க முடியாததாக ஆவது இப்படி இருக்கலாம்.

மனச்சோர்வு இருக்கிறதா என்று முதலில் பார்க்க ஸ்கேன் தேவையில்லை. ஒரு தாள் போதும் என்பது எனக்கு இன்றும் வியப்பு. பி.எச்.கியூ.-9 என்ற அந்தத் தாளில் ஒன்பது கேள்விகள். கடந்த இரண்டு வாரத்தில் ஆர்வம், தூக்கம், பசி, களைப்பு எப்படி? ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். கூட்டினால் 10 அல்லது அதற்கு மேல் வருகிறதென்றால் மருத்துவர் ஆழமாக விசாரிக்க வேண்டும். தைராய்டு கோளாறும் ரத்தசோகையும் இதே முகம் காட்டும். அதனால் ரத்தமும் பார்ப்பார்கள். ஒன்பதாவது கேள்வி சாவு நினைப்பைப் பற்றியது. கேட்பதால் அந்த நினைப்பு முளைக்காது; கேட்காததுதான் ஆபத்து.

மலேசியச் சுகாதார அமைச்சின் ஆய்வில் 2019இல் பெரியவர்களில் 2.3 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு, 2023இல் 4.6, அதாவது ஏறக்குறைய பத்து லட்சம் பேர். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவும் அதே 2023இல்தான் நீக்கப்பட்டது. இனி போலீசுக்குப் பயந்து மறைக்க வேண்டியதில்லை.

தாம்போய் மனநல மருத்துவமனைக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற அச்சமும் வேண்டாம். பெரும்பாலோருக்கு அரசாங்க கிளினிக்கிலேயே சிகிச்சை தொடங்கும்; குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளி. பேச்சு சிகிச்சை உண்டு, மாத்திரையும் உண்டு. மாத்திரையில் வயிற்றுப் புரட்டல் முதல் வாரமே வரலாம். நிம்மதி வர இரண்டிலிருந்து ஆறு வாரம் ஆகும். பலர் நடுவில் விட்டுவிடுவது அந்த இடைவெளியில்தான். வீட்டில் ஒருவர் கூடவே போய், அடுத்த தேதியையும் கேட்டு வாங்கி வரட்டும். இரவில் தனியாக இருப்பவருக்கு 03-7627 2929இல் பிஃப்ரெண்டர்ஸ் உதவிச் சேவை 24 மணி நேரமும் காத்திருக்கிறது. சுகாதார அமைச்சின் உதவி எண் 15555.