கம்பத்துக் கொடிக்கு மார்கழி கிடையாது

ஆடி மாசம் ஒரு சாயங்காலம். பெருந்துறை ரோட்டில் ஒரு தள்ளுவண்டியில் கருநீலத் திராட்சையைக் குவிச்சு வெச்சிருந்தாங்க. "பன்னீருங்ணா, கம்பம் பன்னீர்" என்றார் வண்டிக்காரர். ஒரு கிலோ வாங்கிட்டு வந்தேன். வீட்டில் ஒண்ணை வாயில் போட்டதும் தோல் தனியா, சதை தனியா வழுக்கிக்கிட்டு வந்தது. வாசனை இருந்தது, ஆனா பன்னீர் வாசனை இல்லை. அம்மா ஒரு பழத்தை எடுத்து மோந்து பார்த்துட்டு, "இது பன்னீர் இல்லடா, ஜூஸ் போடுற திராட்சை" என்று சொல்லிட்டுப் போயிட்டாங்க.

அம்மா சொன்னது சரிதான். நான் வாங்கிட்டு வந்தது பெரும்பாலும் பெங்களூர் நீலம். அது அமெரிக்கத் திராட்சை இனத்தின் ரத்தம் கலந்த ரகம். தோல் சதையை விட்டுக் கழன்று வருவதும், அந்தத் தனி ரகமான கனத்த வாசனையும் அந்த இனத்தின் அடையாளங்கள். வண்டிக்காரர் மேல் கோபம் வரலை, அவருக்கு மண்டியில் என்ன பேர் சொன்னாங்களோ அதைத்தான் அவர் சொல்லியிருப்பார். ஆனா ஒரு கேள்வி மட்டும் மண்டையில் ஒட்டிக்கிச்சு. பழத்தின் பேரோடு ஒரு ஊர்ப்பேர் சேர்ந்து வந்தால், அந்த ஊர் உண்மையிலேயே பழத்துக்குள் இருக்கா? இல்லை, வெறும் கூவி விற்கிற பேர்தானா?

இந்தக் கேள்வியை உலகத்திலேயே ரொம்பத் தீவிரமா எடுத்துக்கிட்ட இடம் பிரான்சில் இருக்கிற பர்கண்டி. அதனால் முதலில் அங்கே ஒரு எட்டு போயிட்டு வந்துடலாம்.

பர்கண்டியில் வோன் ரொமனீ என்று ஒரு சின்ன கிராமம். அங்கே ரொமனீ கொந்தி என்று ஒரு திராட்சைத் தோட்டம். மொத்தப் பரப்பு 1.81 ஹெக்டேர், அதாவது நாலரை ஏக்கருக்கும் துளி கம்மி. நம்ம ஊரில் மஞ்சள் போடுற ஒரு சாதாரண சம்சாரியின் காடு இதைவிடப் பெரிசா இருக்கும். பினோ நுவார் என்கிற ஒரே ரகக் கருப்புத் திராட்சை. வருஷத்துக்கு ஐயாயிரம், ஆறாயிரம் பாட்டில் சிவப்பு ஒயின். அவ்வளவுதான் விளைச்சல். 2018இல் நியூயார்க்கில் நடந்த ஏலத்தில் இந்தத் தோட்டத்தின் 1945ஆம் வருஷத்து பாட்டில் ஒண்ணு 5,58,000 டாலருக்குப் போச்சு.

விலையை விட எனக்கு ஆச்சரியமா இருந்தது வேற. இதுக்கு ஒட்டினாப்பல மேல் பக்கம் லா ரொமனீ என்று இன்னொரு தோட்டம், 0.85 ஹெக்டேர், ரெண்டு ஏக்கர் சொச்சம். பிரான்சின் மிகச் சின்ன முதல் தரத் தோட்டம் அதுதான். அதே ரகம், அதே சரிவு, அதே மழை. ஆனாலும் அது வேற பேர், வேற ஒயின், வேற விலை. சரிவில் கொஞ்சம் மேலே போனால் மண்ணின் ஆழம் மாறுது, சுண்ணாம்புப் பாறைக்கும் களிக்கும் உள்ள கலவை மாறுது, தண்ணி வடியுற வேகம் மாறுது, அதனால் பழமும் மாறுது என்பது அவங்க கணக்கு. துறவிகள் நூற்றாண்டுக்கணக்கில் சாகுபடி செஞ்சு, ருசி பார்த்து, பிரிச்சு வெச்ச வரப்புகள் அவை. இப்படி வரப்பு போட்ட 1,247 துண்டு நிலங்களை யுனெஸ்கோ 2015இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்திருக்கு.

ரொமனீ கொந்தி பேரில் இருக்கிற கொந்தி ஒரு பிரெஞ்சு இளவரசர். 1760இல் வாங்கினார். அவர் காலத்திலிருந்தே அந்த ஒயினைப் பத்தின பேச்சில் ஆசையும் எட்டாமையும் சேர்ந்தே வருது. குடிச்சவங்க எழுதினதைப் படிச்சால் திரும்பத் திரும்ப வர்ற ஒரு சொல் உண்டு: ரோஜா. அதுவும் புதுப்பூ இல்லை, இதழ் வாடத் தொடங்கின ரோஜா.

ரோஜா என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நம்ம பன்னீர் திராட்சைக்கும் அதே வாசனையை வெச்சுத்தானே பேர்!

ரெண்டு ரோஜாவும் ஒண்ணில்லை. பினோ நுவார் பழத்தைப் பிச்சு மோந்தால் ரோஜா பெரிசா வராது. அது நொதிக்கும்போதும், பாட்டிலில் வருஷக்கணக்கில் கிடக்கும்போதும் உருவாகுற வாசனை. பன்னீர் திராட்சையில் வாசனை பழத்துக்குள்ளேயே இருக்கு. ரோஜாப்பூவில் இருக்கிற ஜெரானியால், கூடவே லினலூல், நெரால் போன்ற பொருட்களை இந்தக் கொடியே உண்டாக்கி, தோலிலும் சதையிலும் சேர்த்து வெக்குது. ரகத்தின் பேர் மஸ்கட் ஹாம்பர்க். மஸ்கட் ஆஃப் அலெக்சாண்ட்ரியா என்கிற பழைய வாசனை ரகத்துக்கும், ஐரோப்பாவின் ஒரு பெரிய கருந்திராட்சைக்கும் பிறந்த பிள்ளை. வாசனை முதல் வழியில் வந்தது, நிறம் ரெண்டாவது வழியில்.

1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் இதைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்பது எல்லா இடத்திலும் சொல்லப்படுகிற கதை. ஆனா ரகப் பதிவுகள்படி மஸ்கட் ஹாம்பர்க்கே 19ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் இங்கிலாந்தில் உருவானது. ரெண்டும் இடிக்குது. பாதிரியார் ஏதோ ஒரு திராட்சைக் கொடியைக் கொண்டுவந்திருக்கலாம், இந்த ரகம் பின்னாடி வந்து சேர்ந்து, பழைய கதையைத் தன் பேருக்கு எழுதிக்கிட்டிருக்கலாம் என்பது என் ஊகம்.

இனி கம்பம். திண்டுக்கல், தேனி வழியா ஒரு சனிக்கிழமை கிளம்பிப் போனேன். மேற்கே ஏலமலை, கிழக்கே மேகமலை, வருசநாட்டு மலைகள், நடுவில் ஒரு நீளமான பள்ளத்தாக்கு. 1895இல் முல்லைப் பெரியாறு அணை கட்டி, மேற்கே போன தண்ணியை மலையைக் குடைஞ்சு கிழக்கே திருப்பினதில் உயிர் பெற்ற பூமி. சாலை ரெண்டு பக்கமும் கல்தூண் நட்டு, கம்பி இழுத்த பந்தல். உள்ளே நுழைஞ்சால் தலைக்கு மேல் இலைக்கூரை, அதிலிருந்து கொத்துக் கொத்தா தொங்குற பழம். பக்கத்துத் தோட்டத்தில் அப்பதான் பூ. அதுக்கும் அடுத்ததில் இலையே இல்லாத மொட்டைக் கொடி.

"எல்லாம் ஒரே ரகம்தானுங்களே, ஏனுங்கய்யா இப்படி ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாம நிக்குது?" என்று ஒரு பெரியவரிடம் கேட்டேன்.

"கவாத்து பண்ண தேதி வேற வேற தம்பி. பர்கண்டியோ எதுவோ சொன்னீங்களே, அங்க பனி பெய்யும், கொடி தானா தூங்கும். இங்க மார்கழி வந்தாலும் கொடிக்குத் தெரியாது. நாம வெட்டுற அன்னிக்குத்தான் அதுக்கு மார்கழி."

இதைவிடச் சுருக்கமா யாரும் இந்த ஊரை எனக்கு விளக்கலை. திராட்சை அடிப்படையில் குளிர் நாட்டுக் கொடி. குளிரில் இலை உதிர்த்துத் தூங்கி, வசந்தத்தில் முழிச்சு, வருஷத்துக்கு ஒரு தடவை காய்க்கும். பர்கண்டியில் அப்படித்தான். வெப்ப நாட்டில் அது தூங்காது. சும்மா விட்டால் இலையும் கொடியுமா வளர்ந்துக்கிட்டே போகும். அதனால் கத்தரி எடுத்து, முத்தின கொடியில் சில கண்களை மட்டும் விட்டு வெட்டி, இலைகளை உருவிடுறாங்க. குளிர்காலம் வந்துட்டுப் போயிட்டதா கொடி ஏமாந்து, விட்ட கண்ணிலிருந்து துளிரும் பூங்கொத்தும் வருது. வெட்டினதிலிருந்து ஏறக்குறைய 120 நாளில் பழம். வருஷத்துக்கு ரெண்டு அறுவடை உறுதி, திட்டமிட்டு வெட்டினால் ரெண்டு வருஷத்தில் ஐந்து எடுக்கலாம். ஒவ்வொரு தோட்டமும் ஒவ்வொரு தேதியில் வெட்டுறதால் பள்ளத்தாக்கு முழுசா சேர்த்துப் பார்த்தால் பழம் இல்லாத மாசமே கிடையாது. கம்பத்தின் குணம் என்று ஒண்ணைச் சொல்லணும்னா அது இதுதான்.

பர்கண்டியின் கவர்ச்சி அருமையில் இருக்கு: சின்ன நிலம், ஒரே அறுவடை, கொஞ்சம் பாட்டில். கம்பத்தின் கவர்ச்சி அதுக்கு நேர் எதிர். எப்பவும் கிடைக்கும், ஈரோட்டில் தள்ளுவண்டி வரைக்கும் வந்து சேரும், சாதாரண சம்பளக்காரன் கிலோ கணக்கில் வாங்கலாம். ஆனா எப்பவும் கிடைக்கிற பொருளுக்கு ஒரு ஆபத்து உண்டு. யாரும் அதை உத்துப் பார்க்கிறதில்லை. தோல் மெலிசு, ரெண்டு நாள் தாண்டினால் காம்பை விட்டு உதிரும், அறுவடை நேரத்தில் மழை பிடிச்சால் பழம் வெடிச்சுப் போகும். இதுக்கு நடுவில் கொட்டை வேற இருக்கு. என் பொண்ணு விதையில்லாத திராட்சையைத் தவிர எதையும் தொடமாட்டா. கொட்டையும் துப்பணும், பேரையும் நம்ப முடியாது என்றால் எதுக்கு வாங்கணும் என்று ஜனம் நினைக்க ஆரம்பிச்சால், அடுத்த கவாத்துக்குப் பதிலா அந்தப் பெரியவர் கொடியையே பிடுங்கிட்டு வேற பயிருக்குப் போயிடுவார்.

2023இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைச்சது. பத்து கிராமங்கள், 2,000 ஏக்கருக்கு மேல், சுமார் 4,000 விவசாயிகள் என்று அப்போ செய்தி வந்தது. வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு அரை ஏக்கர். எங்க ஈரோடு மஞ்சளுக்கு 2019இலேயே வந்தாச்சு. எங்க அனுபவத்தில் ஒண்ணு சொல்றேன். ஈரோடு மஞ்சள் என்பது வயலின் பேர் மட்டும் இல்லை, சந்தையின் பேரும்கூட. கர்நாடகத்திலிருந்து வர்ற மஞ்சளும் இதே சந்தையில்தான் ஏலம் போகுது. அது தப்பில்லை, சந்தை என்றால் அப்படித்தான். ஆனா சந்தையின் பேரும் வயலின் பேரும் ஒண்ணா இருக்கும்போது, மூட்டையைப் பார்த்து எது எங்கே விளைஞ்சது என்று வாங்குறவனுக்குத் தெரியாது. பட்டயம் இருந்தாலும், மூட்டையில் தகவல் இல்லைன்னா அது அலமாரியில்தான் இருக்கும்.

இங்கேதான் பர்கண்டி மறுபடியும் உதவுது. ஆனா ரொமனீ கொந்தி இல்லை, அது ஒரே கையில் இருக்கிற தோட்டம், நமக்கு ஒத்து வராது. அதுக்குப் பக்கத்திலேயே க்ளோ த வூஜோ என்று ஒண்ணு இருக்கு. ஒரே மதிலுக்குள் சுமார் 50 ஹெக்டேர், கிட்டத்தட்ட 80 சொந்தக்காரங்க. எல்லாரும் ஒரே பேரில் விற்கலாம். தரம் ஆளுக்கு ஆள் மாறும். அதனால் விவரம் தெரிஞ்சவங்க தோட்டத்தின் பேரோடு நிக்கிறதில்லை. யார் விளைவிச்சது, எந்த வருஷம் என்று சேர்த்துப் பார்ப்பாங்க. ரெண்டும் பாட்டில் மேலேயே இருக்கும்.

நம்மகிட்ட அந்த வருஷத்துக்குச் சமமான ஒண்ணு ஏற்கெனவே இருக்கு: கவாத்துத் தேதி. அந்தப் பெரியவர் தோட்டத்தில் ஒரு கல்தூணில் சுண்ணாம்பால் அதை எழுதி வெச்சிருந்தார். எந்த வெயிலில் பூத்தது, எந்த மழையில் பழுத்தது என்ற கதை முழுக்க அந்தத் தேதிக்குள் அடக்கம். இருபது வருஷமா மென்பொருளுக்கு வெர்ஷன் நம்பர் போட்டுப் பழகின எனக்கு, அந்தத் தூணைத் தாண்டி வரவே மனசில்லை. அந்தத் தேதி, கிராமத்தின் பேர், விவசாயி பேர் மூணும் பெட்டியில் ஒட்டி ஈரோடு வரைக்கும் வந்தால், பெருந்துறை ரோட்டு வண்டிக்காரரும் ஏமாற மாட்டார், நானும் ஏமாற மாட்டேன்.

1945 பாட்டிலின் கதையை இங்கே முடிக்கிறேன். அந்த வருஷம் ரொமனீ கொந்தியில் 600 பாட்டில்தான் கிடைச்சது. வேர்ப்பூச்சிக்குத் தப்பின பழைய கொடிகள் போர்க்காலத்தில் மருந்து கிடைக்காமல் நலிஞ்சு போச்சு. அறுவடை முடிஞ்சதும் எல்லாத்தையும் பிடுங்கிட்டு, 1947இல் புதுக்கொடி நட்டாங்க. அடுத்த ஒயின் வர 1952 ஆச்சு. இடையில் ஆறு வருஷம் அந்தப் பேரில் ஒயினே செய்யலை. பக்கத்துத் தோட்டத்து ஒயினை ஊத்தி அந்தப் பேரை ஓட்டியிருக்கலாம். ஓட்டலை. நிலம் பாதி என்றால், அந்த ஆறு வருஷம் மீதிப் பாதி.

ஊருக்குத் திரும்பும்போது ரெண்டு கிலோ பெரியவர் தோட்டத்திலேயே வாங்கினேன். ஈரோடு வந்து சேரும்போது கார் முழுக்க ரோஜா வாசனை. அம்மா மோந்து பார்த்துட்டு ஒண்ணும் சொல்லலை, ஒரு கொத்தை எடுத்துக்கிட்டு உள்ளே போனாங்க. பொண்ணு கொட்டையைத் துப்பிட்டு, "அப்பா, இன்னொண்ணு" என்றாள்.