படர்தாமரையும் மருந்துக்கடையும்

வெப்பமும் வியர்வையும் மிகுந்த நம் நாட்டில் பரவலாகக் காணப்படும் தோல் நோய்களுள் படர்தாமரையும் ஒன்று. இது பூஞ்சையால் வருவது. தோலின் மேலடுக்கு, முடி, நகம் ஆகியவற்றிலுள்ள கெரட்டின் என்னும் புரதமே அதன் உணவு. தொடையிடுக்கிலும் இடுப்பிலும் வட்டமாகத் தோன்றி, நடுப்பகுதி தெளிய, விளிம்பு தடித்துச் செதிலுடன் படரும், அரிப்பும் மிகும்.

வெட்கத்தால் பலர் மருத்துவரிடம் செல்லாமல், மருந்துக்கடையில் "அரிப்புக்கு ஒரு களிம்பு" என்று கேட்கின்றனர். ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தடவினால் இரண்டொரு நாளில் அரிப்பும் சிவப்பும் அடங்கும். ஆனால் அடங்கியது பூஞ்சையன்று. அதனை எதிர்க்கும் உடலின் ஆற்றலே. களிம்பை நிறுத்தியதும் நோய் முன்னிலும் பரந்து எழும். உருவம் மாறிவிடுவதால் இனங்காண்பதும் கடினமாகும். நாளடைவில் தோல் மெலிந்து வரிகள் விழும். 2018இல் ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என மத்திய அரசு விதித்தது.

ஆகவே, கடைக்காரர் விற்குமுன் வினவுதல் வேண்டும். எத்தனை நாளாக உள்ளது? முன்பு என்ன தடவினீர்கள்? வீட்டில் வேறு யாருக்கேனும் உண்டா? சர்க்கரை நோய் உண்டா? புதிதாய்த் தோன்றிய சிறு படைக்குக் க்ளோட்ரிமசோல் போன்ற பூஞ்சைக்கொல்லிக் களிம்பை விளிம்புக்கு வெளியேயும் தடவி, படை மறைந்த பின்னும் இரு வாரம் தொடருமாறு கூறலாம். பல இடங்களில் பரவியிருந்தாலோ, தலையிலோ நகத்திலோ தோன்றினாலோ, மருத்துவரிடமே அனுப்ப வேண்டும்.

விடுதியில் வாழும் நண்பர்கள் ஒருவர் துண்டை மற்றவர் பயன்படுத்தலாகாது. உடைகளை நன்கு உலர்த்தியே அணிதல் வேண்டும். நோயை மறைக்கும் மருந்து வேறு. மாற்றும் மருந்து வேறு. இதனை உணர்ந்து நடப்போமாக!