‘விலை கூட’ என்று பதில் வந்தால்

முன்பின் தெரியாத புலம்பெயர் கடைக்காரருக்குப் பனங்கட்டி வேண்டுமா என மின்னஞ்சல் போடுகிறோம். “விலை கூட” என்று ஒருவரிப் பதில் வருகிறது. பலர் உடனே விலையைக் குறைத்து எழுதிவிடுகிறார்கள். குறைகிற காசு மரம் ஏறுபவரதும் கருப்பணி காய்ச்சும் பெண்ணினதும் கூலியில்தான் கழியும். எதனோடு ஒப்பிட்டுக் கூட என்கிறார் என்று முதலில் கேளுங்கள். சீனி கலந்த கட்டியோடு என்றால், கலக்காததில் ஒரு கிலோ மாதிரிக்கு அனுப்பலாமா என்று எழுதலாம்.

“வேறொருவரிடம் எடுக்கிறோம்” என்றால் அவரைக் குறைசொல்லாமல், அவரிடம் இல்லாத பினாட்டையோ ஒடியல் மாவையோ பற்றிக் கேளுங்கள்.

“போரில் கணவரை இழந்தவர்கள் செய்தது” என்று பதிலுக்கு எழுதுவோரும் உண்டு. இரக்கப்பட்டு ஒருதரம் வாங்குவார்கள். அடுத்த ஓடர் ருசியைப் பார்த்துத்தான் வரும். அதைவிட, அப்படி எழுதலாமா என்று அந்தப் பெண்களிடம் யாராவது கேட்டார்களா?