எதிரிக்கு இடங்கொடுக்கும் திரை

தன் கடை வாசலுக்கு வந்துவிட்ட வாடிக்கையாளரை, அடுத்த தெருக் கடைக்குப் போகும்படி தானே வழிசொல்லி அனுப்புகிற வியாபாரியை நாம் கண்டதில்லை; அப்படி ஒருவர் இருப்பாரானால் அவருடைய புத்தி சுவாதீனத்தைப் பற்றியே ஐயங்கொள்வோம். ஆயினும் தொலைக்காட்சி அலைவரிசைகள் வீடியோ கேம் கருவிகளின் விளம்பரங்களை ஏற்று ஒளிபரப்பும்போது ஏறக்குறைய அதையேதான் செய்கின்றன. சோப்பு விளம்பரத்தைக் கண்டு சோப்பு வாங்கியவர் குளித்து முடித்ததும் மீண்டும் திரைக்கு முன் வந்து அமர்ந்துவிடுவார். விளையாட்டுக் கருவி வாங்கியவரோ, அதன் கம்பியைத் தொலைக்காட்சிப் பெட்டியின் முதுகில் செருகிய கணத்திலிருந்து அலைவரிசைக்கு அந்நியராகிவிடுகிறார். மணிக்குப் பத்து நிமிஷம் மட்டுமே வர்த்தக விளம்பரத்துக்கு என்று நம் நாட்டுக் கேபிள் தொலைக்காட்சி விதிகள் வரையறுத்திருக்கின்றன; அந்த அருமையான பத்து நிமிஷத்தில் ஒரு பகுதியைத் தன் எதிரிக்கே விலைக்குக் கொடுக்கும் இந்த விசித்திரமான வியாபாரத்தில், விற்கப்படுவது எது, யாருக்கு விற்கப்படுகிறது என்று ஆராய்வது சுவாரஸ்யமான காரியம்.

முதலில், அந்நியராகிவிடுகிறார் என்று சொன்னேனே, அது அலங்காரமாகச் சொன்னதன்று. இந்தியாவில் யார் எதைப் பார்க்கிறார்கள் என்று அளக்கும் 'பார்க்' என்ற ஸ்தாபனம், ஒவ்வொரு அலைவரிசையின் ஒலியிலும் காதுக்குப் புலப்படாத ஓர் அடையாளத்தைக் கலந்து அனுப்பச் செய்கிறது. உரத்த ஓர் ஒலிக்கு மிக அருகிலுள்ள அதிர்வெண்ணில் மெல்லிய ஒலி ஒன்று எழுந்தால் மனிதச் செவி அதைத் தவறவிட்டுவிடும்; செவியின் இந்த இயற்கையான பலவீனத்தின் நிழலிலேதான் அந்த அடையாளம் மறைந்து வருகிறது. மாதிரிக்கென்று தேர்ந்தெடுக்கப்பட்ட வீடுகளில் வைத்திருக்கும் சிறு கருவி அதைக் கேட்டுக் குறித்துக்கொள்ள, வீட்டார் ஒவ்வொருவரும் தத்தமக்குரிய பொத்தானை அழுத்தித் தாம் கூடத்தில் இருப்பதைத் தெரிவிக்கிறார்கள். பையன் விளையாட்டை ஆரம்பித்துவிட்டால், திரையில் கார்கள் பறந்தாலும் குண்டுகள் வெடித்தாலும், அந்த ஒலியில் அடையாளம் இல்லாமையால் அளக்கும் கருவிக்கு எந்த அலைவரிசையும் கேட்பதில்லை. வீடு நிறைய ஆரவாரம், கணக்கிலோ சூன்யம்.

விளையாட்டுக் கருவிகளின் விளம்பரத்தில் வேறொரு சங்கடமும் உண்டு. கைப்பேசியைப் போல் இவற்றுக்குச் சொந்தத் திரை கிடையாது. குடும்பத்துக்குப் பொதுவான திரையை இவை கைப்பற்றியாக வேண்டும். ஆகவே விளையாடுபவருக்கு ஆசையை மூட்டினால் மட்டும் போதாது. அந்தத் திரையின்மேல் அதிகாரமுடைய தாயும் தகப்பனும் பாட்டியும் விட்டுக்கொடுக்க வேண்டும். இத்துறையின் நாற்பதாண்டு விளம்பரங்களைக் கவனித்தால், அவற்றில் நல்லவை எல்லாம் கருவியை விற்கவில்லை, வீட்டில் அதற்கு வேண்டிய அனுமதியையே விற்றன என்பது என் அபிப்பிராயம்.

அமெரிக்காவில் 1983-ல் வீடியோ கேம் வியாபாரம் அடியோடு சரிந்தது. விற்காத சரக்கோடு கைசுட்டுக்கொண்ட கடைக்காரர்கள், அந்தப் பெயரைச் சொன்னாலே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஜப்பானிய நின்டெண்டோ நிறுவனம் தன் கருவியை 1985-ல் நியூயார்க்கில் பரீட்சார்த்தமாக விற்க வந்தபோது செய்த யுக்தி ரசிக்கத்தக்கது. ஜப்பானில் சிவப்பும் வெள்ளையுமாக விளையாட்டுச் சாமானின் தோற்றத்தில் இருந்ததை மாற்றி, சாம்பல் நிறத்தில், விசிஆர் பெட்டியைப் போல முன்புறம் மூடி திறந்து செருகும்படி அமைத்தார்கள். கூடவே ஒரு சின்னஞ்சிறு ரோபோவையும் சேர்த்தார்கள். திரையில் தோன்றும் ஒளிச் சிமிட்டல்களைக் கண்களால் உணர்ந்து கைகளை அசைக்கும் அந்த ரோபோதான் விளம்பரங்களில் முன்வரிசையில் நின்றது. அது பயன்பட்ட விளையாட்டுகள் மொத்தம் இரண்டே. இருந்தும் அது தன் கடமையைச் செவ்வனே செய்துவிட்டது: கடைக்காரரும் பெற்றோரும் 'வீடியோ கேம்' என்று விரட்டாமல், நூதனமான பொம்மை என்று உள்ளே விட்டார்கள்.

அடுத்து வந்த சேகா இதற்கு நேர்மாறான வழியில் போனது. சற்று மீசை அரும்பிய பையன்களைக் குறிவைத்து, வினாடிக்கு வினாடி காட்சி தாவ, முடிவில் யாரோ ஒருவர் நிறுவனத்தின் பெயரைச் சொல்லித் தொண்டை கிழியக் கத்துகிற விளம்பரங்களை அது 1990-களின் தொடக்கத்தில் வெளியிட்டது. திடீரென்று மாறும் காட்சியும் ஒலியும் நம் சம்மதத்தைக் கேளாமலே கவனத்தை இழுத்துக்கொள்ளும். ரஷ்ய உடலியல் அறிஞர் பாவ்லவ் 'இது என்ன?' என்னும் அனிச்சைச் செயல் என்று வர்ணித்த இயல்பு இதுவே. காட்சி வெட்டப்படும் ஒவ்வொரு தடவையும் இதயத் துடிப்பு சில கணங்கள் மெல்லத் தணிவதைச் சோதனைகளில் கண்டிருக்கிறார்கள். ஆனால் சேகாவின் சாமர்த்தியம் இந்தச் சரீர தத்துவத்தோடு நிற்கவில்லை. பெரியவர்களுக்கு அந்த விளம்பரம் எரிச்சலூட்டுவதே பையன்களுக்கு அது தங்களுடையது என்பதற்குச் சாட்சியாயிற்று. பின்னர் சோனி தன் கருவிக்காக 1999-ல் பிரிட்டனில் காட்டிய விளம்பரம் ஒன்றில் விளையாட்டின் காட்சி ஒரு துளிகூட இல்லை. பலதரப்பட்ட சாமானிய மனிதர்கள் ஒவ்வொருவராய்த் தோன்றி, பகலில் ஒரு ஜீவிதமும் இரவில் வேறொரு ஜீவிதமும் நடத்துவதாகப் பெருமிதத்தோடு ஒப்புக்கொள்கிறார்கள், அவ்வளவே. சம்பாதிக்கும் வயது வந்துவிட்டவர்களுக்கு, இது பிள்ளை விளையாட்டல்ல, வெட்கப்பட வேண்டியதில்லை என்ற அனுமதி அது. 2006-ல் நின்டெண்டோவின் 'வீ' கருவிக்கு வந்த அமெரிக்க விளம்பரமோ இன்னும் வெளிப்படை: கோட்டு அணிந்த இரண்டு ஜப்பானியர்கள் சிறு காரில் ஊர் ஊராகச் சென்று, கதவைத் தட்டி, வணங்கி, கட்டுப்பாட்டுக் கோலை இரு கைகளாலும் நீட்டி, விளையாட வரலாமா என்று கேட்கிறார்கள். அந்தக் கருவி பத்துக் கோடிக்கு மேல் விற்றது. அதற்குப் பின்வந்த 'வீ யூ'வின் விளம்பரங்கள் புதிய கையடக்கத் திரையையே மையமாகக் காட்டியதால், பழைய கருவிக்கு ஏதோ உபரி சாமான் போலும் என்று ஜனங்கள் மயங்கினார்கள், அது 1.36 கோடியோடு நின்றுவிட்டது.

நம் நாட்டுக் கதை விலையிலிருந்து தொடங்குகிறது. 1995-ல் சேகாவின் கருவியை இங்கே கொண்டுவந்தது, மது வியாபாரத்துக்குப் பேர்போன ஷா வாலஸ் கம்பெனி! விலை 18,000 ரூபாய். அன்றைய நடுத்தரக் குடும்பத் தலைவர் பல மாதச் சம்பளத்தைக் கொட்டினாலன்றி வாங்க இயலாத பொருளுக்கு, விளம்பரம் எவ்வளவு மதுரமாய் இருந்து என்ன பயன்? 2006 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் தன் 'எக்ஸ்பாக்ஸ் 360' கருவியை இந்தியாவில் இறக்கியபோது, அக்ஷய் குமாரையும் யுவராஜ் சிங்கையும் விளம்பரத் தூதர்களாக நியமித்தது. சினிமா ஒரு கண், கிரிக்கெட் மற்றொரு கண் என்று தேசத்தைக் கணித்த கணக்கு அது. ஆனால் அக்ஷய் குமாரைத் தமிழ்ப் பாமர ரசிகர் நெருக்கமாக அறிந்தது 2018-ல் '2.0' படத்தில் பட்சிராஜனாக வந்த பிறகுதான். யுவராஜ் ஓர் ஓவரில் ஆறு சிக்ஸர் அடித்து வீட்டுக்கு வீடு பேசப்பட்டதும் 2007 செப்டம்பரில்தான். முகங்கள் சற்று முந்திக்கொண்டுவிட்டன.

யுவராஜின் முகத்தைப் பற்றிய ஒரு விஷயத்தை மட்டும் விட்டுவிட மனம் வரவில்லை. 2007-ல் கோட்மாஸ்டர்ஸ் நிறுவனம் வெளியிட்ட கிரிக்கெட் விளையாட்டு பிரிட்டனில் பிரையன் லாராவின் பெயரிலும், ஆஸ்திரேலியாவில் ரிக்கி பாண்டிங்கின் பெயரிலும், இந்தியாவில் யுவராஜ் சிங்கின் பெயரிலும் விற்கப்பட்டது. ஒரே விளையாட்டு, மூன்று நாமகரணம்! வாங்குபவர் யார் என்பதை முதலில் தீர்மானித்துவிட்டுப் பிறகே பொருளுக்கு முகம் சூட்டுகிறார்கள் என்பதற்கு இதைவிடப் பிரத்தியட்சமான அத்தாட்சி வேண்டுவதில்லை.

ஆனால் வாங்குபவர் யார் என்று எப்படித் தீர்மானிப்பது? இங்கேதான் கர்நாடக எல்லையோரத் தொழில்நகரான ஓசூர் ஒரு நல்ல உரைகல்லாகிறது. விளம்பர உலகம் இந்தியக் குடும்பங்களை இரண்டே அளவுகோல்களால் பன்னிரண்டு தரங்களாகப் பிரிக்கிறது: பிரதானமாகச் சம்பாதிப்பவரின் படிப்பு ஒன்று, மின் இணைப்பு முதல் குளிர்சாதனம் வரை பதினொரு பொருள்கள் கொண்ட பட்டியலில் வீட்டில் இருப்பவை எத்தனை என்பது மற்றொன்று. விவசாய நிலமும் அப்பட்டியலில் ஓர் அம்சம். கிருஷ்ணகிரிப் பக்கம் பரம்பரை மாந்தோப்பும், சிப்காட் தொழிற்பேட்டையில் வேலையும், வாசலில் இருசக்கர வாகனமும் உடைய குடும்பம் இதில் ஒருவகையாய் இடம்பிடித்துக்கொள்ளும். வெளியூர்களிலிருந்து வந்து, தொழிற்சாலை விடுதிகளில் பலர் சேர்ந்து தங்கி, ஷிப்டு முடிந்து நள்ளிரவில் பொழுதுபோக்குத் தேடும் ஆயிரக்கணக்கான யுவதிகளையும் வாலிபர்களையும் எந்தத் தரத்தில் சேர்ப்பது? அளவீடு வீடுகளை எண்ணுகிறது, விடுதி வீடாகாது. கையில் சொந்தச் சம்பளமும், தலைக்குமேல் கேள்வி கேட்கப் பெற்றோர் இல்லாமையும் கூடிய இந்த ஜனத்தொகையை விளம்பரக்காரர்கள் கண்டுகொள்ளவில்லை என்பது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

பாஷையின் சங்கதி இன்னும் சிக்கலானது. சந்தைக் கணக்கில் தமிழ்நாடும் புதுச்சேரியும் ஒரு பிரிவு, கர்நாடகம் மற்றொரு பிரிவு. அத்திப்பள்ளிச் சுங்கச் சாவடிக்கு இப்பக்கம் ஒரு நாடு, அப்பக்கம் வேறு நாடு என்பதுபோல. ஓசூர் வீடுகளிலோ தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் ஒரே கூடத்தில் புழங்கும். சன் குழுமமே தமிழ்க் குழந்தைகளுக்குச் சுட்டி, கன்னடக் குழந்தைகளுக்குச் சிண்டு, தெலுங்குக் குழந்தைகளுக்குக் குஷி என்று மூன்று அலைவரிசைகளை ஏற்படுத்தியிருக்க, இவ்வூர்ப் பிள்ளை பொம்மைப் படம் எதில் நன்றாக இருக்கிறதோ அதைப் பார்த்துவிட்டுப் போகிறது. நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால் பெங்களூரில் 2008-ல் தோன்றிய அமாகி என்னும் நிறுவனம், தேசம் முழுதும் ஒரே சமயத்தில் ஒளிபரப்பாகும் அலைவரிசையில் பிரதேசத்துக்கு ஒரு விளம்பரமாக மாற்றிக் காட்டும் வித்தையைக் கையாண்டது: விளம்பர வேளையை அடையாளத்தால் அறிந்து, கேபிள் நிலையத்திலுள்ள கருவி அசல் விளம்பரத்தை எடுத்துவிட்டு அவ்வட்டாரத்துக்குரியதைப் பொருத்திவிடும். இயந்திரம் எல்லையைக் கச்சிதமாக வெட்டிவிடுகிறது. வெட்டுப்பட்ட கோட்டின்மேல் குடியிருப்பவர்களை அதற்குத் தெரியாது.

வாங்குபவர் வேறு, அனுபவிப்பவர் வேறு என்னும் ரகசியம் ஓசூருக்குப் புதிதன்று. 1984-ல் டாடா குழுமமும் தமிழ்நாட்டு அரசின் டிட்கோவும் கூட்டாகத் தொடங்கி, ஓசூரில் ஆலை நிறுவிய டைட்டன், மொஸார்ட்டின் இருபத்தைந்தாம் சிம்பொனி இசை பின்னணியில் ஒலிக்கத் தொலைக்காட்சியில் கைக்கடிகாரத்தைக் காட்டியபோது, மணி பார்க்கும் கருவி என்றா சொன்னது? மனைவிக்கு, மகளுக்கு, நண்பனுக்கு அளிக்கும் பரிசு என்று சொன்னது. தனக்கு ஒன்று போதும் என்றிருந்தவரைப் பிறருக்கு வாங்க வைத்தது அந்த இசை.

சிறு குழந்தைகள் விஷயத்தில் இந்த வித்தைக்கு ஓர் எல்லை வேண்டும் என்பதை மனோதத்துவ நூலார் வற்புறுத்துகிறார்கள். ஏறக்குறைய எட்டு வயதாகும்வரை, விளம்பரம் தன்னை வசப்படுத்தவே பேசுகிறது என்ற உணர்வு குழந்தைக்குச் சரிவர உதிப்பதில்லை. அது சொல்வதைச் செய்தியாகவே ஏற்றுக்கொள்கிறது. அதனால் எட்டு வயதுக்குட்பட்டோரைக் குறிவைக்கும் விளம்பரங்களைக் கட்டுப்படுத்த வேண்டுமென்று அமெரிக்க உளவியல் சங்கத்தின் குழு 2004-ல் பரிந்துரைத்தது. ஸ்வீடன் தேசம் 1991 முதலே பன்னிரண்டு வயதுக்குட்பட்டோரை நோக்கிய தொலைக்காட்சி விளம்பரத்தைத் தடுத்திருக்கிறது. வயது வந்தோர்க்கு மட்டும் விவேகம் பூரணமாய் இருக்கிறதா என்றால், அதுவும் சந்தேகமே. அர்த்தமே தெரியாத எழுத்துகளானாலும் அடிக்கடி கண்ணில் பட்டவற்றை மனிதர் அதிகம் விரும்புகிறார்கள் என்று உளவியலாளர் ராபர்ட் சயான்ஸ் 1968-ல் காட்டினார். ஒரே விளம்பரம் ஒரு மாலையில் ஐந்து முறை வருவது நம் பொறுமையைச் சோதிப்பதற்காக அன்று.

இராயக்கோட்டைச் சாலைக் கடையொன்றில் சென்ற ஆண்டு கண்ட காட்சியைச் சொல்கிறேன். முதல் ஷிப்டு முடிந்து சீருடையோடு வந்திருந்த ஒரு தகப்பனார், கண்ணாடிப் பேழைக்குள் இருந்த சோனியின் பிஎஸ்5 பெட்டியை அதன் விலைச்சீட்டோடு நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். 2021-ல் 49,990 ரூபாய்க்கு இங்கே அறிமுகமான சாதனம் அது. மனைவி அருகில் நின்று தணிந்த குரலில் தெலுங்கில் ஏதோ கணக்குச் சொன்னார். பதின்மூன்று வயதிருக்கும் மகன் வாய் திறக்கவில்லை. அவன் பேச வேண்டியதை எல்லாம் பேசி முடித்துத்தான் அழைத்து வந்திருக்கிறான் என்பது முகத்தில் தெரிந்தது.

"இதுல படம் பாக்கலாமா, தம்பி?" என்று கேட்டார் தகப்பனார்.

"பாக்கலாம் சார். யூடியூப், ஓடிடி எல்லாம் வரும்."

"பரீட்சை நேரத்துல?"

"லாக் போட்டுக்கலாம் சார். பாஸ்வேர்டு உங்ககிட்டயே இருக்கும்."

மனைவியின் முகம் சற்றுத் தெளிந்தது. தகப்பனார் ஒரு கணம் யோசித்து, மகனைப் பாராமலே, "கிரிக்கெட் இருக்குதா?" என்றார்.

அந்தக் கேள்வியைக் கம்பெனிக்காரர்களும் எதிர்பார்த்தே இருந்தார்கள். 2023-ல் உலகக்கோப்பைக் கிரிக்கெட் இந்தியாவில் நடந்த பருவத்தில், 'கிரிக்கெட் 24' என்ற விளையாட்டைக் கருவியோடு சேர்த்துக் கட்டி சோனி இங்கே விற்பனைக்கு விட்டது. அதற்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன் யுவராஜின் முகத்தைக் காட்டி மகனை அழைத்தார்கள். பணம் கொடுக்க வேண்டிய தகப்பனார் அப்போது வாசலிலேயே நின்றுவிட்டார். இப்போது கையில் கோலைப் பிடிக்கப்போகிறவர்களில் அவரும் ஒருவர் என்பதைக் கண்டுகொண்டிருக்கிறார்கள். பில் போடச் சொன்ன பிறகு, "ரெண்டு பேர் சேந்து ஆட இன்னொரு கண்ட்ரோலர் வேணும் சார்" என்று விற்பனையாளர் சொன்னபோது, அந்தக் கடையில் கண்ட தகப்பனார் மறுப்புச் சொல்லவில்லை.