எழுத்தாணியின் மறுமுனை

நண்பர்களோடு கொல்லிமலை ஏறி, கூடாரமடித்துத் தங்கப் போகும் மன்னார்குடிக் கல்லூரி மாணவர் ஒருவர், எந்த மடக்குக்கத்தி வாங்கலாம் என்று கேட்டு எழுதியிருக்கிறார்.

தம்பி, நடுவிரல் நீளத்தில் ஒரே அலகு போதும். பல் வைத்த அலகு வேண்டாம். எங்கள் வீட்டுக் கருக்கரிவாள் மழுங்கினால் கொல்லுப்பட்டறைக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓடுவோம், இதுவும் அப்படித்தான். வெறும் அலகை நீங்களே கல்லில் தீட்டிக்கொள்ளலாம். விரித்த அலகு பூட்டிக்கொள்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். சாதாரணப் பேனாக்கத்தியில் முதுகிலுள்ள வில் மட்டும்தான் அலகைப் பிடித்திருக்கும். முனையை ஊன்றி அழுத்தினால் விரல்மேல் மடங்கிவிடும். பிரான்ஸின் ஒப்பினெல் கத்திக்கு 1955இல் ஒரு வளையம் வந்தது. அதைத் திருகிவிட்டால் அலகு அசையாது.

மடக்குக்கத்தி காவிரிக்கரைக்குப் புதிதல்ல. மடக்கெழுத்தாணி என்று ஒன்று இருந்தது. மரம், தந்தம், மாட்டுக்கொம்பு, பித்தளை என்று எதிலாவது உட்கூடான பிடி. எழுத்தாணியை மடக்கி அதற்குள் அடக்கிவிடலாம். அதோடு ஒரு கத்தியும் உண்டு. பனையோலையை வாரி, ஓரம் நறுக்கிச் சீராக்கியது அந்தக் கத்திதான். 1855இல் பிறந்த உத்தமதானபுரம் உ.வே.சாமிநாதையர், தாம் படித்த காலத்து எழுத்தாணி வகைகளைத் தம் வரலாற்றில் விவரித்திருக்கிறார். மேல்நாட்டிலும் இறகைச் சீவி எழுதுமுனை ஆக்கியதால்தான் பேனாக்கத்திக்கு அந்தப் பெயர். எழுதுகிறவன் மடியில் இங்கும் அங்கும் கத்தி இருந்திருக்கிறது. தஞ்சை சரஸ்வதி மகாலில் சுவடிகளைப் பார்க்கும்போதெல்லாம், எழுத்தைவிட அந்த ஓலைகளின் நேரான விளிம்பில்தான் என் கண் நிற்கும்.

என் தாத்தாவிடமும் ஒரு மடக்கெழுத்தாணி இருந்தது. பித்தளைப் பிடிக்காக அதை எடைக்குப் போட்டுவிட்டோம். பரணில் கிடந்த பண்டத்தின் பெயரைக்கூட அன்று யாரும் கேட்கவில்லை. அது இன்னும் எனக்கு ஆறவில்லை.

நம் ஊர் ஈரக்காற்றுக்கு, மலையிலிருந்து திரும்பியதும் நீங்கள் வாங்கிய கத்தியை நன்றாகத் துடைத்து, மூட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். அதைக் கொண்டு மரத்தில் பெயர் செதுக்காதீர்கள். உங்கள் வீட்டுப் பரணிலும் ஒருமுறை தேடுங்கள். துருப்பிடித்த மடக்கெழுத்தாணி அகப்பட்டால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காமல், உலர்ந்த துணியில் சுற்றி வைத்துவிட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள். நேரில் வந்து பார்க்கிறேன்.