பௌர்ணமி நிலவில் 14 கிலோமீட்டர்!

"இந்தப் பௌர்ணமிக்குத் தெருவே கிரிவலம் போகுது. நீயும் வர்றியா?" என்று எதிர்வீட்டு அக்கா கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் கூடத்திலிருந்து என் மாமியார், "நானும் வரேன்!" என்று குரல் கொடுத்துவிட்டார்.

எனக்குத் திக்கென்றது. செஞ்சியிலிருந்து திருவண்ணாமலைக்குப் பஸ்ஸில் ஒரு மணி நேரம்தான். ஆனால், மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் நடக்க வேண்டுமே! அதுவும் வெறுங்காலோடு. அத்தைக்கோ பத்து வருஷமாகச் சர்க்கரை வியாதி.

டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனேன். பாதத்தைச் சோதித்தவர், "நடக்கலாம், ஆனால் வெறுங்கால் கூடாது. நாள்பட்ட சர்க்கரையில் பாதத்து நரம்புகள் மரத்துப்போகும். கல் குத்தினாலும் தெரியாது. சின்னப் புண்கூட ஆறாமல் காலுக்கே ஆபத்தாகலாம்" என்றார்.

"செருப்போட சாமியைச் சுத்தறதா?" அத்தை இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே, "சரி, லிங்கத்துக்கு லிங்கம் கழட்டி வெச்சுட்டுக் கும்பிட்டுக்கறேன்" என்றார். அன்றே கான்வாஸ் ஷூவும் பருத்தி சாக்ஸும் வாங்கினோம்.

புது ஷூ காலைக் கடிக்கும் அல்லவா? மூன்று வாரம் விடியற்காலையில் கோட்டை ரோட்டில் பழகினோம். முதல் நாள் அரை மணி. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினோம்.

நீங்களும் கிளம்புவதானால், சகோதரிகளே, இவற்றை மறக்காதீர்கள்:

வெயில் தாழ்ந்த பிறகு புறப்படுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் பட்டினியாக நடக்கவே கூடாது. மாத்திரை வேளையை முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கைநடுக்கம், வியர்வை, தலைச்சுற்றல் என்றால் உடனே உட்காரவைத்துச் சர்க்கரை கரைத்த தண்ணீர் கொடுங்கள். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் அவ்வப்போது தண்ணீர் குடியுங்கள்.

கைக்குழந்தையை அந்தக் கூட்டத்தில் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். பெரிய குழந்தைகளின் சட்டைப் பையில் பெயரும் போன் நம்பரும் எழுதிய சீட்டு இருக்கட்டும். வழியில் இந்திர லிங்கம் முதல் ஈசான்ய லிங்கம் வரை எட்டு லிங்கங்கள் இருக்கின்றன. "பிரிந்துபோனால் அடுத்த லிங்கத்தில் நிற்க வேண்டும்" என்று முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள். எங்கள் தெருப் பெண்களில் இருவர் அப்படித்தான் மறுபடி கிடைத்தார்கள்!

ஐந்தரை மணி நேரத்தில் சுற்றி முடித்தோம். வீட்டுக்கு வந்ததும் அத்தையின் பாதத்தைக் கழுவி, விரலிடுக்கில் ஈரம் போகத் துடைத்தேன். சுண்டுவிரல் ஓரத்தில் தோல் சிவந்து, லேசாக உரிந்திருந்தது.

"என்ன அத்தை, சொல்லவே இல்லையே?"

"வலிக்கவே இல்லியேம்மா!"

ஷூ போட்டும் இப்படி! வெறுங்காலோடு நடந்திருந்தால்? மறுநாளே டாக்டரம்மாவிடம் காட்டினோம். ஒரு வாரத்தில் ஆறிவிட்டது.

இப்போதெல்லாம் ராத்திரி படுக்கும் முன், நான் கேட்காமலே அத்தை காலை நீட்டிவிடுகிறார். "பாரும்மா, அடுத்த பௌர்ணமிக்கு இது தாங்குமா?"